கூலி: ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கில அகராதியைப் புரட்டுவோர் அதனுள்ளே தமிழ்நாட்டுச் சொற்கள் சில குடியேறியிருத்தலைக் காண்பர். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் என்பன சிற்சில ஒலிமாற்றங்களுடன் அங்கே இடம்பெற்றுள்ளன. இவை பொருள்களின் பெயர்கள். ஒரு நாட்டிலே காணாத பொருளைப் பிறிதொரு நாட்டிலே கண்டவர், பொருளோடு பெயரையும் எடுத்துச் செல்லுதல் இயல்பே. ஆனால் மனிதரைக் குறிக்க ஆங்கிலம் நம்மிடமிருந்து பெற்றனவாகச் சொல்லப்படும் சொற்களுள் உலகெங்கும் பரவியவை இரண்டு. ஒன்று 'பறையர்' என்பதிலிருந்து சென்று, சமூகத்தால் விலக்கப்பட்டவன் என்னும் பொருளில் இன்றும் வழங்குவது. மற்றொன்று 'கூலி'. இரண்டும் இழிவுப் பொருளிலேயே பெயர்பெற்றமை சிந்தித்தற்குரியது. இவற்றுள் இரண்டாவது சொல்லின் பொருளும் பிறப்பும் வழக்கும் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோக்கம் எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பிலே ஆங்கில அகராதியைப் பயன்படுத்தும் முறையைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் இச்சொல்லைக் கண்டுபிடித்து எழுந்து நின்று, "சேர், இது நம்முடைய சொல்லா, அவர்களுடைய சொல்லா?" என்று வினவினான். அவன் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருபவன். நானும் அவ்வாறு வந்தவனே. "நம்முடையதுதான்" என்று உடனே விடை கூறினேன். "அப்படியானால் அதை ஏன் ஏச்சுச் சொல் என்று எழுதியிருக்கிறார்கள்?" என்பது அவனது அடுத்த வினா. அதற்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்கின்றேன்.

தமிழிற் கூலி

தமிழிலே கூலி என்பது பழைமையும் பெருமையும் உடைய சொல். செய்த வேலைக்குப் பெறும் ஊதியமே அதன் பொருள். திருக்குறளிலே ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் இச்சொல் வருதலைக் கற்றோர் அறிவர். ஊழ் துணைசெய்யாவிடினும் உடல் வருந்த உழைத்தவனுக்கு அவ்வுழைப்பின் அளவிற்கு உரிய பயன் கிட்டியே தீரும் என்பது அக்குறளின் கருத்து. அங்கே கூலி இழிந்த பொருளன்று. விதியையும் எதிர்த்து நிற்கும் உரிமைப் பொருளாகும்.

அரசர் படையை ஆறுவகைப்படுத்திக் கூறும் பழைய மரபில் மூலப்படைக்கு அடுத்துக் கூலிப்படை வைக்கப்பட்டுள்ளது. வழிவழியாக நின்ற மூலப்படைக்கு இருந்த மதிப்பு ஊதியத்திற்கு வந்த படைக்கு இல்லையெனினும், அதுவும் அரசனது படையாகவே எண்ணப்பட்டது. தானியத்தைக் குறிக்கும் 'கூலம்' என்னும் சொல்லோடு கூலியைத் தொடர்புபடுத்தி, பண்டு தானியமாகக் கொடுக்கப்பட்டமையால் ஊதியம் இப்பெயர் பெற்றது என்று கருதுவாரும் உளர். மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் இச்சொல் ஊதியப் பொருளில் வழங்குதலால், இது தென்மொழிகளுக்குப் பொதுவான சொல் என்பது தெளிவு. நம் நாட்டுச் சிங்கள மொழியிலும் 'குலிய' என்பது வாடகையையும் கூலியையும் குறிக்கும்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். தமிழர் ஊதியத்தைக் கூலி என்றனர். ஊதியம் பெற்று உழைப்பவனைக் கூலியாள் என்றும் கூலிக்காரன் என்றும் கூறினர். 'ஆள்' என்றோ 'காரன்' என்றோ ஒரு சொல்லோ விகுதியோ சேர்ந்தாலன்றி ஊதியம் மனிதனாகாது. ஆள் வேறு, அவன் பெறும் கூலி வேறு என்னும் தெளிவு மொழியின் அமைப்பிலேயே இருந்தது. அந்த 'ஆள்' கழன்றுபோன கதையே இச்சொல்லின் பிற்கால வரலாறு எனலாம்.

பிறப்புப் பற்றிய ஐயம்

ஆங்கிலத்திற் சென்ற சொல் தமிழ்க் கூலியே என்று துணிந்து கூறுதற்கு ஒரு தடை உண்டு. இந்தியாவிலே ஆங்கிலேயர் வழங்கிய சொற்களைத் திரட்டி யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் அகராதி இதனை விரிவாக ஆராய்கின்றது. குஜராத்திலும் அதனையடுத்த மேற்குக் கரைப் பகுதிகளிலும் வாழும் 'கோலி' என்னும் இனத்தாரின் பெயரே சுமை தூக்குவோர்க்குப் பொதுப்பெயராகிப் பின்னர் எங்கும் பரவியது என்பது ஒரு கொள்கை. தமிழ்க் கூலியே மூலம் என்பது மற்றொரு கொள்கை. அடிமையைக் குறிக்கும் 'குல்' என்னும் துருக்கிச் சொல்லைச் சுட்டுவாரும் உளர்.

முதற் கொள்கைக்குச் சான்று உண்டு. 16ஆம் நூற்றாண்டிலே மேற்குக் கரையில் நிலைபெற்ற போர்த்துக்கேயரின் எழுத்துகளில் இச்சொல்லையொத்த வடிவங்கள் காணப்படுகின்றன. ஆயின், ஓர் இனத்தின் பெயர் மட்டுமே மூலமாயின், நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டவன் என்னும் பொருள் அதனோடு இத்துணை இறுகப் பிணைந்தமை எவ்வாறு? கிழக்குக் கரையிலே, தமிழ் வழங்கும் துறைமுகங்களில், ஐரோப்பிய வணிகர் நாள்தோறும் கேட்ட சொல் கூலி. 'கூலி எவ்வளவு?', 'கூலிக்கு ஆள் உண்டா?' என்ற பேச்சின்றி ஒரு மூட்டையும் கப்பலேறியிராது. ஆகவே மேற்கிலே இனப்பெயராகக் கேட்ட சொல்லும் கிழக்கிலே ஊதியப் பெயராகக் கேட்ட சொல்லும் வேற்றுமொழியாளர் நாவில் ஒன்றாகக் கலந்தன என்று கொள்ளுதலே பொருத்தமாகும். உருவம் எங்கே தோன்றியதாயினும், பொருளைத் தந்தது நம் சொல்லே என்பது என் துணிபு.

ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றற்கு ஆகி வருதலை ஆகுபெயர் என்பது தமிழிலக்கணம். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரார் சிரித்தனர் என்பது பொருள். ஊதியத்தின் பெயர் ஊதியம் பெறுவோனுக்கு ஆயினமையும் அவ்வகையினதே. ஆனால் ஊர் என்று சொல்லும்போது ஊராரை நாம் மறப்பதில்லை. ஆங்கிலத்திலோ இவ்வாகுபெயரினால் மனிதன் மறைந்து விலையே எஞ்சி நின்றது.

உலகெங்கும் பரவியமை

சுமை தூக்குவோனைக் குறித்த சொல் ஒரு பெருந்திரளான மக்களைக் குறிக்கலானது 19ஆம் நூற்றாண்டிலேயாம். பிரித்தானியப் பேரரசிலே அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி 1834இல் நடைமுறைக்கு வந்தது. அடிமைகளின் கையால் நடந்த கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் வேண்டியிருந்தன. ஒப்பந்தத்திற் பெருவிரல் பதித்த இந்தியர் 1834இல் மொரிசியசுக்கும், 1838இல் பிரித்தானிய கயானாவுக்கும், 1860இல் நேற்றாலுக்கும், 1879இல் பீஜிக்கும் கொண்டு செல்லப்பட்டனர். தமிழர், தெலுங்கர், போஜ்புரி பேசுவோர் எனப் பலராயினும் கப்பலேறியதும் அனைவரும் ஒரே பெயர் பெற்றனர்.

சீன நாட்டாரும் கியூபாவுக்கும் பெருவுக்கும் இவ்வாறே ஏற்றப்பட்டனர். சீனர் இச்சொல்லைத் தம் எழுத்தில் எழுதப் புகுந்தபோது 'கு', 'லி' என்னும் இரண்டு எழுத்துகளைத் தெரிந்தெடுத்தனர். முன்னதன் பொருள் கசப்பு அல்லது துன்பம். பின்னதன் பொருள் வலிமை. ஒலியைக் காத்ததோடு, உழைப்பவனது வாழ்வையும் அவ்விரண்டு எழுத்துகள் சொல்லிவிட்டன. ஐக்கிய அமெரிக்கா 1862இல் இச்சொல்லையே தலைப்பிற் கொண்ட சட்டமொன்றை இயற்றித் தன் கப்பல்களில் இம்மக்களை ஏற்றும் வாணிகத்தைத் தடைசெய்தது.

தென்னாபிரிக்காவிலே இச்சொல் தொழிலையும் கடந்து சென்றது. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். இந்திய வணிகர் 'கூலி வணிகர்' எனப்பட்டனர். கூலி பெறாத செல்வனும் கூலியே. அதாவது, தொழிலின் பெயர் பிறப்பின் பெயராகிவிட்டது. அந்நாட்டில் இந்தியரைச் 'சாமி' என்றும் அழைத்தனர். இராமசாமி, முத்துசாமி என்றாற்போலத் தமிழர் பெயர்கள் முடிவதனைக் கேட்டு ஏளனமாக வைத்த பெயர் அது. தலைவன் என்பதே அதன் பொருள் என அறிந்த இந்தியர் சிலர் அதனை எடுத்துக்காட்டி மறுமொழி கொடுத்ததைக் காந்தியடிகள் தம் வரலாற்றிலே எழுதியுள்ளார். கூலி என்பதற்கு அத்தகைய மறுமொழி கூற எவருக்கும் தோன்றாமற் போனமை வருந்தத்தக்கது. திருக்குறளை அறிந்தவன் கூறியிருக்கலாம்.

நம் மலைநாட்டிலே

இலங்கையின் மலைநாட்டிற் கோப்பிச் செய்கை 1820களிலே தொடங்கிற்று. தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணிமாரின் தலைமையிற் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டவர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியை இலைநோய் பற்றிற்று. பின்னர் மலைகள் தேயிலைக்காயின. கோப்பி போயிற்று, துரைமார் பலர் போயினர், ஆனால் 'கூலி' என்ற பெயர் மட்டும் போகவில்லை.

பிற நாடுகளிற் போல இங்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. ஆயினும் மக்களைக் கட்டிவைத்த கயிறுகள் வேறு இருந்தன. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலையை விட்டு ஓடுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கங்காணியிடம் பட்ட கடனைக் குறிக்கும் 'துண்டு' என்னும் சீட்டுத் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கு ஆளோடு சென்றது. அக்கடனை ஏற்கும் தோட்டமே ஆளைப் பெற்றது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, கூலி பெற வந்தவன் கடனின் உருவமாகவே கைமாறினான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கடல் கடப்போர்க்குத் தகரத்தாலான வில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. அதிலே தோட்டத்தைக் காட்டும் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். போகுமிடம் அதிலே உண்டு. போகிறவன் பெயர் இல்லை.

இப்பெயர் மொழியையும் விட்டுவைக்கவில்லை. புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கு வெள்ளையர் பயன்படுத்திய கைந்நூல் ஒன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. மற்றொன்றின் பெயர் 'இங்கே வா'. வள்ளுவனும் இளங்கோவும் பாடிய மொழி, மலையேறியதும் கூலித் தமிழாயிற்று.

பூண்டுலோயாவில் வாழும் நமக்கு இதனை விளக்க வேறு நூல் வேண்டியதில்லை. இங்குள்ள டன்சினன் தோட்டத்தின் பெயர் ஸ்கொத்லாந்து நாட்டுக் குன்றொன்றின் பெயர். சேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தைப் படித்த மாணவர் அதனை நன்கு அறிவர். மலைகளுக்கு நாடகத்திலும் வரலாற்றிலும் இடம்பெற்ற பெயர்களைத் தேடிச் சூட்டியவர்கள், அம்மலைகளிலே கொழுந்தெடுத்த மக்கள் அனைவர்க்கும் ஒரே பெயரைப் போதுமென்று கொண்டனர்.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கு நம் தோட்டங்களிலே உண்டு. ஒருநாள் வேலையைத் தோட்டத்து மக்கள் 'பேர்' என்பர். காலையிற் பெரட்டுக்களத்திலே பெயர் பதிந்து, மாலையிற் குறித்த நிறைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தவர்க்கு அன்று ஒரு பேர். நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. மாதமுடிவில் எத்தனை பேர் என்று எண்ணியே சம்பளம் கணிக்கப்படும். வெளியே கூலி பெயராயிற்று. உள்ளே பெயர் கூலியாயிற்று. அரைப் பேர் விழுந்த நாளில் என் பாட்டி அடுப்பங்கரையிலே பேசாதிருந்ததை நான் கண்டிருக்கின்றேன். குறைந்தது காசு மட்டுமன்று என்பது அக்காலத்தில் எனக்கு விளங்கவில்லை.

தொழிலாளர் என்னும் சொல்

ஒரு சொல்லின் ஆட்சி மற்றொரு சொல்லாலேயே முடிவுறும். 'தொழிலாளர்' என்னும் சொல் அரசியல் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் எழுந்ததே அத்தகைய நிகழ்ச்சியாகும். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தம் பத்திரிகைகளாலும் துண்டுப் பிரசுரங்களாலும் இச்சொல்லைத் தோட்டங்களுக்குள்ளே கொண்டு சென்றார். 1931இல் அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடியும் பேசியும் உடனுழைத்தார். 1927இல் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டிற்கும் வந்து இம்மக்களிடையே பேசினார். அவ்வாண்டிலேயே குறைந்த அளவுக் கூலியை வரையறுக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. அதன் தொழிற்சங்கம் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. சங்கத்தின் பெயர்ப்பலகையிலே தொழிலாளர் என்ற சொல் ஏறியபோது, லயத்து மக்கள் தம்மை அச்சொல்லாலேயே கண்டனர்.

இப்பகுதியின் மைந்தராகிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்களை இங்கே நினைவுகூர்தல் நம் கடன். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த அவர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். எந்த மொழி இம்மக்களைக் கூலி என்றதோ அந்த மொழியிலேயே அவர்களது வாழ்வைக் கவிதையாக எழுதி உலகறியச் செய்தார். ஆங்கிலத்திற் சென்ற சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே கிடைத்த மறுமொழி அது.

ஆனால் சொல் மாறிய வேகத்தில் நிலை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து 1949இல் வந்த சட்டங்களும் இம்மக்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றவராக்கின. 1964இல் ஸ்ரீமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரின் கதியை எண்ணிக்கையால் முடிவுசெய்ய முயன்றது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளப்பட. 1974இல் அவ்வெஞ்சியோரும் இரு நாடுகளுக்கும் 75,000 பேராகப் பங்கிடப்பட்டனர். இங்கும் 'பேர்' என்பது எண்ணாகவே நின்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இங்கு எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க வழிசெய்தது. மனிதனை அவன் பெறும் ஊதியத்தாற் பெயரிட்டால், வேலை உள்ளவரையே அவன் மனிதன். வேலை முடிந்ததும் அவன் எந்நாட்டான் என்னும் வினா எழும். ஒரு சொல்லில் ஒளிந்திருந்த கருத்துச் சட்டமாக வெளிப்பட்டது என்று கூறுதல் மிகையாகாது.

சொல்லை என்செய்வது?

பிறநாடுகளில் இச்சொல் பற்றி இருவகை மனநிலை காணப்படுகின்றது. தென்னாபிரிக்காவில் இது இன்றும் கடும் வசைச்சொல். அதனைக் கூறுதல் குற்றமாகவே கருதப்படும். மொரிசியசு நாட்டில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய போட் லூயி படித்துறை முன்னர்க் 'கூலித்துறை' எனப்பட்டது. அது பின்னர் 'குடிவந்தோர் துறை' எனப் பொருள்படும் 'ஆப்பிரவாசி காட்' என்று பெயர் மாற்றம் பெற்று, 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அதே நாட்டுக் கவிஞர் கால் தொராபுல்லியோ இழிசொல்லையே எடுத்து, கடல் கடந்தோரின் பொது உணர்வுக்குப் பெயராக்கினார். நம் நாட்டிலும் மலையக இலக்கிய ஆய்வாளர் மு. நித்தியானந்தன் தம் ஆய்வுநூலுக்குக் 'கூலித் தமிழ்' என்றே 2014இல் தலைப்பிட்டார். ஏளனமாக வைத்த பெயரை ஆராய்ச்சியின் பெயராக்கியமை பாராட்டத்தக்கது.

என் கருத்து இதுவாகும். மனிதனுக்குப் பெயராக இச்சொல்லை எவர் வழங்கினும் நாம் மறுத்தல் வேண்டும். நம் மக்கள் மலையகத் தமிழர். தொழிலாற் சிலர் தொழிலாளர், சிலர் ஆசிரியர், சிலர் வணிகர். ஆயின் ஊதியத்தின் பெயராக இச்சொல்லை நாம் கைவிடல் ஆகாது. 'கூலி' என்று கேட்டதும் நாணித் தலைகவிழ்ந்து, அதனை உச்சரிக்கவே அஞ்சுவோமாயின், ஏசியவன் வெற்றிபெற்றவனாவான். பெண்ணின் நாட்கூலி ஆணின் நாட்கூலியோடு சமமாதற்கு 1984ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்கூலி ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இலேயே வர்த்தமானியில் ஏறிற்று. இவையெல்லாம் கூலி என்ற சொல்லை உரக்கச் சொல்லியதனாற் கிடைத்தனவேயன்றி மறைத்ததனாற் கிடைத்தனவல்ல.

அன்று வினவிய மாணவனுக்கு இப்போது விடை கூறலாம். தம்பி, சொல் நம்முடையது. அதிலே ஏறிய வசை அவர்களுடையது. நாம் ஊதியத்திற்கு வைத்த பெயரை அவர்கள் மனிதனுக்கு வைத்தனர். வசையை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, சொல்லை நாம் வைத்துக்கொள்வோம். உழைத்தவனுக்கு உரியது கூலி. உழைத்தவன் பெயர் கூலியன்று. அவனுக்குத் தாயும் தந்தையும் இட்ட பெயர் ஒன்று உண்டு. அதனை முழுப் பேராகவே எழுதுதல் வேண்டும்.